சார்ஜ் ஏறலையா? அதுக்குள்ள பாடை கட்டாதீங்க!

போன வாரம் ஹாஸ்டல் அயர்ன் பாக்ஸ் கதையைப் படிச்சுட்டு, 'அடுத்து எதைப் பிரிச்சுப் போடப் போறே?'ன்னு ஆளாளுக்குக் கேட்டீங்க. இந்த வாரம் நான் எதையும் தேடிப் போகலை. பிரச்னை தானா வந்து என் தலையில உட்கார்ந்துச்சு. நிஜமாவே தலையிலதான். என்னோட ஒயர்லெஸ் ஹெட்போன்!

சம்பவம் நடந்தது போன வெள்ளிக்கிழமை ராத்திரி. திங்கட்கிழமை காலையில எனக்கு ஒரு கம்பெனியோட ஆன்லைன் இன்டர்வியூ. ஹெட்போனை சார்ஜ்ல போட்டேன். வழக்கமா சிவப்பா ஒரு குட்டி லைட் எரியும். எரியலை. ஒயரைக் கழட்டி மாட்டினேன். எரியலை. பிளக் பாயின்ட்டை மாத்தினேன். ம்ஹூம்!

'இதுக்குப் போயா இவ்ளோ ஃபீலிங்?'னு கேக்கறவங்க எங்க வீட்டை ஒரு தடவை பார்க்கணும். ராயபுரம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரம். ஒரு ஹால், ஒரு கிச்சன். அந்த ஒரே ஹால்லதான் நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு ஹார்பர்லேர்ந்து வர்ற அப்பா தூங்கணும், ஆயா சீரியல் பார்க்கணும், தம்பி கேம் ஆடணும், நான் இன்ஜினீயர் ஆகணும்! வெளியில கன்டெய்னர் லாரி ஹாரன் வேற. ஹெட்போனைக் காதுல மாட்டினாத்தான் கதவைச் சாத்தின மாதிரி இருக்கும். உங்களுக்கு அது ஹெட்போனா இருக்கலாம், எனக்கு அதுதான் தனி ரூம். எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு டியூஷன் எடுத்து, மாசா மாசம் சேர்த்து வெச்ச 1,800 ரூபாயில கட்டின ரூம்!

சனிக்கிழமை காலையில ஒரு கடைக்குத் தூக்கிட்டு ஓடினேன். கடைக்காரர் அப்படித் திருப்பி, இப்படித் திருப்பிப் பார்த்தார். 'போர்டு போச்சும்மா. இதை ரிப்பேர் பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்'னு சொல்லி, பக்கத்துல தொங்கிட்டு இருந்த புது டப்பாவைக் காட்டினார். பர்ஸ்ல இருந்தது 140 ரூபா. ஹெட்போனைப் பையில போட்டுக்கிட்டு நடையைக் கட்டினேன்.

எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்கார். விசைப்படகுகள்ல ஒயர்லெஸ் செட், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் எல்லாம் ரிப்பேர் பண்றவர். என் மூஞ்சியைப் பார்த்ததுமே பிடிச்சுட்டார்.

'இன்னாம்மா, மூஞ்சி தொங்கிப்போய்க் கெடக்குது?'

'ஹெட்போன் செத்துடுச்சுண்ணா. போர்டு போச்சாம்.'

'யாரு சொன்னது?'

'கடைக்காரர்.'

'தொறந்து பாத்தாரா?'

'இல்லண்ணா...'

'அப்புறம் எப்பிடி? ஜோசியமா? உயிர் இருக்குதா இல்லியான்னு நாடி பாக்காமலே பாடை கட்டுவீங்களா நீங்கள்லாம்? அது கெடக்கட்டும், எந்த ஒயர்ல சார்ஜ் போட்ட?'

இந்தக் கட்டுரையோட மொத்த சாரமும் அந்தக் கடைசிக் கேள்விதான் மக்களே!

வில்லன் நம்பர் 1: ஒயர்

என் ஹெட்போனோட வந்தது ஒரு குட்டி ஒயர். ஒரு முனை பழைய அகலமான யு.எஸ்.பி. (ஏ டைப்), இன்னொரு முனை சி டைப். அதைத் தம்பி டிரிம்மருக்குச் சுட்டுட்டுப் போய் ரெண்டு நாளாச்சு. அதனால நான் மாட்டினது என் போனோட சார்ஜர். ரெண்டு முனையும் சி டைப்பா இருக்குமே, அந்த ஒயர். 'ஓட்டைக்குள்ள கரெக்டா போகுது, அப்புறம் என்ன?'ன்னு நினைச்சேன். அங்கேதான் பல்ப் வாங்கினேன்!

பழைய ஏ டைப் சார்ஜர் ரொம்ப வெள்ளந்தி. யார் வந்தாலும், வராட்டியும், அதோட வாசல்ல 5 வோல்ட் எப்பவும் ரெடியா நிக்கும். சி டைப் சார்ஜர் அப்படியில்லை. அது வாட்ச்மேன் வெச்ச அபார்ட்மென்ட் மாதிரி. 'யாருப்பா நீ?'ன்னு கேக்கும். பதில் வந்தாத்தான் கரன்ட்டை விடும். அந்தப் பதிலைச் சொல்றது சி.சி.ன்னு பேர் வெச்ச ரெண்டு பின். நம்ம கருவிக்குள்ள அந்த ஒவ்வொரு பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு இருக்கணும். சார்ஜர் அந்த ரெசிஸ்டரைப் பார்த்ததும், 'ஓ... சார்ஜ் ஏத்த வந்த ஆளா? உள்ள வா!'ன்னு 5 வோல்ட்டைத் திறந்துவிடும்.

விலை குறைஞ்ச பல அயிட்டங்கள்ல, சில பைசா மிச்சம் பிடிக்க அந்த ரெண்டு ரெசிஸ்டரையும் போடாமலே விட்டுடறாங்க. அப்போ சி டு சி ஒயர் மாட்டினா சார்ஜர் கேள்வி கேக்கும், பதிலே வராது. கரன்ட்டும் வராது. ஆனா ஏ டு சி ஒயர் மாட்டினா ஜம்முனு ஏறும். டப்பாவுல ஏ டு சி ஒயரா கொடுத்துடறதால வாங்கறவங்களுக்கு ரொம்ப நாளைக்கு விஷயமே தெரியாது. ஒயர் தொலையற அன்னிக்குத்தான் குட்டு உடையும்!

சின்னக் கம்பெனிங்கதான் இப்படின்னு நினைக்காதீங்க. உலகம் பூரா இன்ஜினீயரிங் பசங்க கொண்டாடற ராஸ்பெர்ரி பை இருக்கே, அதோட நாலாவது மாடல் 2019 ஜூன்ல வந்துச்சு. அதுல ரெண்டு சி.சி. பின்னுக்கும் சேர்த்து ஒரே ஒரு ரெசிஸ்டர்தான் போட்டிருந்தாங்க. விளைவு? உள்ளே அடையாளச் சிப் வெச்ச உசத்தி ஒயரை மாட்டினா, சார்ஜர் அந்த கம்ப்யூட்டரையே 'ஆடியோ அடாப்டர்'னு தப்பா நினைச்சு கரன்ட் தர மறுத்துடுச்சு! தப்பை ஒப்புக்கிட்டு, அடுத்து வந்த போர்டுல சரி பண்ணினாங்க.

இதுல எனக்கு என்ன வெட்கம்னா... 'புல் டவுன் ரெசிஸ்டர் என்றால் என்ன?' செமஸ்டர்ல ரெண்டு மார்க் கேள்வி. நான் கரெக்டா எழுதி ரெண்டு மார்க்கும் வாங்கினவ! ஆனா அது என் ஹெட்போனுக்குள்ள இருக்கா இல்லையான்னு யோசிக்கவே இல்லை.

வில்லன் நம்பர் 2: உப்பு

அண்ணன் தன் பெட்டியிலேர்ந்து ஒரு ஏ டு சி ஒயரை எடுத்து மாட்டினார். லைட் ஒரு செகண்டு மினுக்குச்சு... அணைஞ்சுது! ஒயரை லேசா அழுத்திப் பிடிச்சா எரியுது, விட்டா அணையுது. நான் துள்ளிக் குதிச்சேன். அண்ணன் கூலா, 'தோ பாரு, நாடி துடிக்குது. ஒண்ணு ஒயர் கோளாறு. ரெண்டாவது இன்னாதுன்னு இப்போ பாப்போம்'னார்.

அவரோட பூதக்கண்ணாடி வழியா அந்தச் சார்ஜிங் ஓட்டைக்குள்ள பார்த்தேன். பேன்ட் பாக்கெட் பஞ்சு ஒரு பக்கம் அடைச்சிருக்கு. நடுவுல இருக்கிற குட்டி நாக்குல, ரெண்டு பின் மேல பச்சையா பூத்திருக்கு. பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்காம விட்டா வருமே, அதே களிம்பு!

'கடல் காத்தும்மா இது. 5 லட்ச ரூபா மிஷினையே தின்னுது, உன் ஹெட்போனை வுட்டுடுமா?'

விஷயம் இதான். கடல் காத்துல கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் இருக்கு. அது போய் எல்லாத்து மேலயும் படியும். காத்துல ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினா, சாப்பாட்டு உப்பு தானாவே தண்ணியை உறிஞ்சிக் கரைய ஆரம்பிச்சுடும். (மழை நாள்ல உப்பு ஜாடியைத் திறந்து பாருங்க, புரியும்.) நம்ம ஊர் ராத்திரிக்கு 75-ஐத் தாண்டறது ஒண்ணும் பெரிய விஷயமில்லை. பின் மேல கண்ணுக்குத் தெரியாத உப்புத் தண்ணிப் படலம் உருவாகிடும். அந்த நேரம் நாம என்ன பண்றோம்? 5 வோல்ட்டைக் கொடுக்கறோம்! பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில படிச்ச எலக்ட்ராலிசிஸ், நம்ம ஹெட்போன் ஓட்டைக்குள்ளேயே லைவ்வா நடக்குது. பின் மேல தங்கமுலாம் இருக்கும். ஆனா அது ரொம்ப மெல்லிசு. அது தேய்ஞ்ச இடத்துல அடியில இருக்கிற நிக்கலும் செம்பும் அரிக்க ஆரம்பிச்சுடும். அதான் பச்சை!

இதுல நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு போனஸ் வேற. மணலி, எண்ணூர் பக்கம் சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம்னு வரிசையா இருக்கு. எண்ணெயும் நிலக்கரியும் எரிஞ்சு வர்ற கந்தக டை ஆக்சைடு ஈரத்தோட சேர்ந்தா அமிலமாகும். உப்பும் அமிலமும் கூட்டணி போட்டா எந்த உலோகம் தாங்கும்? எங்க தெருவுல ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே கதை புரியும்.

இதை ஆராய்ச்சி பண்றதுக்குன்னே நம்ம காரைக்குடியில ஒரு மத்திய ஆய்வகம் இருக்கு மக்களே! சுருக்கமா 'சிக்ரி'. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து உருவாகி, 1953-ல திறந்தாங்க. எந்த ஊர்ல உலோகம் எவ்வளவு வேகமா அரிக்குதுன்னு இந்தியாவுக்கே மேப் போட்டவங்க இவங்கதான். பாம்பன் பாலம் தெரியுமில்ல? 1914-ல திறந்த ரயில் பாலம். உப்புக் காத்தோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டி, 2022 டிசம்பர்ல ரயிலே நின்னுபோச்சு. பக்கத்துல புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்தாங்க. அதுல துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, ஸ்பெஷல் பெயின்ட்னு உப்புக்காகவே தனிக் கவனிப்பு. பாலத்துக்கு நடந்ததேதான் சின்ன சைஸ்ல நம்ம ஹெட்போனுக்கும் நடக்குது.

அண்ணன் என்ன பண்ணினார்? ஹெட்போனை ஆஃப் பண்ணினார். மரப் பல்குச்சியால பஞ்சை மெதுவா நெம்பி எடுத்தார். ஐ.பி.ஏ. (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) தொட்ட மெல்லிசு பிரஷ்ஷால பின்னைத் தடவினார். தேய்க்கலை, தடவினார். கால் மணி நேரம் ஃபேன் காத்துல காய விட்டார். ஒயரை மாட்டினார்.

சிவப்பு லைட்டு! நிதானமா, மினுக்காம!

எவ்வளவுண்ணான்னு கேட்டேன். 'தம்பி எடுத்துட்டுப் போன ஒயரை மொதல்ல வாங்கு. அதான் பீஸு'ன்னார்.

உங்களுக்கு எரியலையா? வரிசையா வாங்க!

அண்ணன் சொல்லித் தந்த தாரக மந்திரம்: 'ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து.' ஒயர், சார்ஜர், பிளக் எல்லாத்தையும் ஒரே அடியா மாத்தினா, எது வில்லன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

1. முதல்ல அதே ஒயர்ல வேற ஏதாவது சார்ஜ் ஆகுதான்னு பாருங்க. ஆகலைன்னா ஒயரோ சார்ஜரோதான் குற்றவாளி.

2. ஆகுதா? அப்போ ஏ டு சி ஒயரை மாட்டி, சாதாரண 5 வோல்ட் சார்ஜர்லயோ லேப்டாப்லயோ போட்டுப் பாருங்க. 65 வாட்ஸ் சார்ஜர்னா சீக்கிரம் ஏறும்னு எதிர்பார்க்காதீங்க. ஹெட்போன் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும்.

3. பவர் பேங்க்ல போட்டிருந்தா, உடனே சந்தேகப்படுங்க. இயர்பட்ஸ் கேஸ் இழுக்கறது ரொம்பக் கம்மிக் கரன்ட். 'யாரும் இல்லைபோல'ன்னு நினைச்சு பல பவர் பேங்க் தானா ஆஃப் ஆகிடும்.

4. ரொம்ப நாள் டிராயர்ல தூங்கின ஹெட்போனா? பொறுமை! பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தா, சார்ஜிங் சிப் முதல்ல சொட்டுச் சொட்டாத்தான் கரன்ட் ஊட்டும். பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி கொடுக்கற மாதிரி. லைட் வர அரை மணி நேரம்கூட ஆகலாம்.

5. கத்திரி வெயில்ல ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில வெச்சிருந்தீங்களா? பொதுவா லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஏத்தக் கூடாது. பல கருவிங்க தானாவே மறுத்துடும். நிழல்ல ஆற வைங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, உள்ளே ஈரம் கோத்துக்கும்.

6. இயர்பட்ஸ்ல ஒரு காது மட்டும் ஏறலையா? கேஸுக்கு உள்ளே ஸ்பிரிங் மாதிரி அமுங்கற குட்டி பின்னையும், பட்ஸ் மேல இருக்கிற பொட்டையும் பாருங்க. காது அழுக்கு, வியர்வை உப்பு ரெண்டும் சேர்ந்து படிஞ்சிருக்கும். ஐ.பி.ஏ. தொட்ட பட்ஸ் குச்சியால துடைங்க. பெரிய சைஸ் ரப்பர் மாட்டியிருந்தா, பட்ஸ் சரியா உட்காராமலும் இருக்கலாம்.

7. அதுக்கும் மசியலைன்னா, பவர் பட்டனை 10, 15 செகண்டு அழுத்திப் பிடிச்சு ரீசெட். அதோட உங்க வேலை முடிஞ்சுது. கேரன்டி இருந்தா கம்பெனி சர்வீஸ், இல்லைன்னா ரிச்சி ஸ்ட்ரீட். ஆனா ஒண்ணு... உங்க கண் முன்னாடி திறந்து, மல்ட்டிமீட்டர் வெச்சுப் பார்த்துச் சொல்ற ஆளா பார்த்துக் கொடுங்க.

செய்யவே கூடாத சமாச்சாரங்களும் உண்டு. ஊக்கு, ஹேர்பின் விட்டு நோண்டாதீங்க, ஷார்ட் ஆகிடும். உப்புக் காகிதம், டூத் பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீங்க, தங்கமுலாம் காலி. சானிட்டைசர் வேண்டவே வேண்டாம், அதுல தண்ணியும் பிசுக்கும் உண்டு. நனைஞ்சுபோனா அரிசியில புதைக்காதீங்க. 2024-ல ஆப்பிள் கம்பெனியே 'ஐபோனை அரிசியில போடாதீங்க, துகள் உள்ளே போயிடும்'னு சொல்லியிருக்கு. ஐ.பி.ஏ. பெட்ரோல் மாதிரி பத்திக்கும். கேஸ் அடுப்பு பக்கத்துல வெச்சு வேலை பார்க்காதீங்க. முக்கியமா, ஜிம்லேர்ந்து வந்ததும், பீச்லேர்ந்து வந்ததும் ஈரத்தோட சார்ஜ் போடாதீங்க. துடைச்சு, காய வெச்சு, அப்புறம் போடுங்க. எங்களை மாதிரி கடலோரத்துக்காரங்க ஜிப் வெச்ச பையில போட்டு வெச்சாலே பாதி ஆயுசு கூடும்.

இங்கே மட்டும் ஸ்டாப்!

ஹெட்போன் உப்பியிருக்கா? மூடி தானா விரியுதா? தொட்டா சுடுதா? இனிப்பா ஏதோ கெமிக்கல் வாசனை வருதா? அப்போ வீரம் காட்டாதீங்க. உடனே சார்ஜ்லேர்ந்து எடுத்துடுங்க. திறக்காதீங்க, அமுக்காதீங்க, குத்தாதீங்க. 1991-ல சோனி முதல் முதலா விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரிதான் இன்னிக்கு நம்ம காது வரைக்கும் வந்திருக்கு. அதை உருவாக்கின மூணு பேருக்கு 2019-ல நோபல் பரிசே கொடுத்தாங்க. ஆனா அதே பேட்டரி கோவிச்சுக்கிட்டா என்னாகும்னு 2016-ல சாம்சங் நோட் 7 போன் எரிஞ்சப்போ உலகமே பார்த்துச்சு. அந்த மாடலையே நிறுத்த வேண்டியதாப் போச்சு.

சரி, உண்மையிலேயே செத்துடுச்சு. அப்போ? குப்பைத் தொட்டியில மட்டும் போட்டுடாதீங்க ப்ளீஸ்! இதை நான் சும்மா அட்வைஸா சொல்லலை. வட சென்னைக் குப்பை எங்கே போகுது தெரியுமா? கொடுங்கையூர். குப்பை வண்டியில உங்க பேட்டரி நசுங்கினா, அதுவே நெருப்புப் பொறி. கிடங்கு எரிஞ்சா அந்தப் புகையில இருமறது எங்க ஆயா, எங்க தெருப் பசங்க. நீங்க அடையாறுல தூக்கிப் போட்டாலும் யாரோ ஒரு ஆயா இருமத்தான் செய்வாங்க, பெருங்குடியில! 2023 ஏப்ரல்லேர்ந்து அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள்படி, வித்த பொருளைத் திரும்ப மறுசுழற்சிக்கு அனுப்பற பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கு. கம்பெனி சர்வீஸ் சென்டர்லயோ, மின்கழிவு சேகரிக்கிற இடத்துலயோ கொடுங்க. காலேஜ்ல ஒரு பெட்டி வைக்கச் சொல்லி உங்க என்.எஸ்.எஸ். சாரைக் கேளுங்க.

ஐரோப்பாவுல 2024 டிசம்பர் 28 முதல் புதுசா விக்கிற ஹெட்போனுக்கெல்லாம் சி டைப் கட்டாயம். 2027 பிப்ரவரியிலேர்ந்து இந்த மாதிரி கருவிகள்ல பேட்டரியை வாங்கினவரே கழட்டி மாத்தற மாதிரி இருக்கணும்னும் சட்டம் போட்டுட்டாங்க. நம்ம ஊர்ல மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர்ல 'ரைட் டு ரிப்பேர்'னு ஒரு போர்ட்டலை ஆரம்பிச்சது. சட்டம் எல்லாம் வரட்டும். அதுக்கு முன்னாடி, ஒரு பொருள் செத்துடுச்சுன்னு யாராவது சொன்னா, 'திறந்து பார்த்தீங்களா?'ன்னு ஒரு கேள்வி கேக்க நாம பழகிக்கலாமே!

இன்டர்வியூ என்னாச்சுன்னுதானே கேக்கறீங்க? திங்கட்கிழமை காலையில ஹால் மூலையில சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னாடி ஆயாவோட டி.வி., அப்பாவோட குறட்டை. ஹெட்போனை மாட்டினேன். என் ரூம் கதவு சாத்திக்கிச்சு. 'சமீபத்துல நீங்க தீர்த்து வெச்ச ஒரு டெக்னிக்கல் பிரச்னையைச் சொல்லுங்க'ன்னாங்க. ரெண்டு மார்க் ரெசிஸ்டர்லேர்ந்து ஆரம்பிச்சேன். அண்ணன்தான் தீர்த்து வெச்சார்ங்கறதையும் சொன்னேன். ரிசல்ட் இன்னும் வரலை.

ஒயர் மட்டும் திரும்ப வந்துடுச்சு. தம்பி இப்போ அரைத் தாடியோட சுத்தறான்!

உங்க டிராயர்ல 'செத்துப்போன' ஹெட்போன் ஏதாவது இருக்கா? இந்த ஞாயித்துக்கிழமை எடுங்க, ஏ டு சி ஒயர்ல அரை மணி நேரம் போட்டுப் பாருங்க. லைட் எரிஞ்சா எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. அடுத்த வாரம் ஆன் பண்ணினாலே 'கொய்ங்'னு அழற ஹாஸ்டல் சீலிங் ஃபேனோட சந்திக்கிறேன். ஓ.கே.வா மக்களே?